எடையோடு தூக்கத்தையும் கேளுங்கள்

டெல்டா மாவட்டங்களின் பள்ளிக் கல்வி, சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா எழுதுகிறேன். போன மாதம் மகளின் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. உயரம், எடை, கண், பல், ரத்தசோகை எல்லாம் பார்த்து, அட்டையில் 'நலம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பத்து நாளும் ராத்திரி இரண்டு மணிவரை அவள் விழித்துக் கிடந்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அதைக் கேட்க அந்த அட்டையில் ஒரு கட்டமும் இல்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த ராத்திரி அவளுக்கு ஏழு வயது. ஓடு பறந்த வீட்டில் என் மடியில் முகம் புதைத்துக் கிடந்தாள். அப்புறம் பள்ளி திறந்ததும் தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். நான் நாகூருக்குப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினேன். என்னைப் பிரிய அவளுக்குப் பயம் என்பது எங்கள் ஒருவருக்கும் புரியவில்லை.

ஆறாம் வகுப்பில் வயிற்றுவலி நின்றது. சரி, தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் கை நடுங்கியதைக் கூச்சம் என்று நினைத்தோம். இப்போது அவளைப் பார்த்தால் பயம் என்றே தோன்றாது. எதற்கெடுத்தாலும் கோபம். சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்ட பிள்ளை, மாவை எடுப்பதே இல்லை. பள்ளியில் இதைத் திமிர் என்றார்கள்.

கடைசியில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மனநல மருத்துவரிடம் போனோம். அவர்தான் சொன்னார்: சின்ன வயதில் பயம் உடம்பு வலியாக வரும், பத்துப் பன்னிரண்டு வயதில் நாலு பேர் பார்வைக்கு அஞ்சும், வயதுக்கு வந்தபின் சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வாக மாறும். அந்த வயதில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறதாம். சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வருமாம். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அதனால்தான் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துத் தூக்கம், சாப்பாடு, பயம் பற்றிக் கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, டீச்சர் பக்கத்தில் இருக்க, எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? இரண்டாம் வகுப்பில் எழுதியது ஒன்பதாம் வகுப்பில் பார்ப்பவர் கைக்கும் போக வேண்டும். அந்த வயிற்றுவலியும் இந்தக் கோபமும் ஒரே அட்டையில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

மனநல உதவிக்குக் கூப்பிட 14416 என்ற போன் எண் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அவள் அப்பா கையில். அவர் எதிரில் அவள் என்ன பேசுவாள்? புயலுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை எண்ண எங்கள் தெருவுக்கு எத்தனை முறை ஆட்கள் வந்தார்கள்! காற்று அடித்தால் நடுங்குகிற பிள்ளைகள் எத்தனை என்று எண்ண ஒருவரும் வரவில்லை. மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன்.

அடுத்த முறை குழு வரும்போது மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். அதற்குள் அட்டையில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து, அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்