மரபணுக் கோளாறு வேறு, பரம்பரை நோய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இமையில் வரும் அரிய புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை நாங்கள் படிப்பதற்குள் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் படித்துவிட்டார்கள். ‘மரபணுக் கோளாறால் வருவது’ என்று அதில் ஒரு வரி. அந்தப் புற்று வந்த என் அக்காவின் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த குன்னூர்க்காரர்கள் செவ்வாய்க்கிழமை போன் செய்து, “இது வம்சத்துல வர்றதாமே?” என்று இழுத்தார்கள்.

அக்காவுக்கு வயது 61. தேயிலை பறித்து என்னைப் படிக்க வைத்தவர். மூன்று வருடத்துக்கு முன் மேலிமையில் ஒரு சிறு கட்டி. வலியில்லை. “சூட்டுக் கட்டிதான்” என்று நாமக்கட்டியை இழைத்துப் பூசினோம். ஸ்வெட்டரைக் கழற்றாத ஊரில் என்ன சூடோ! பிறகு மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் கண்கட்டி என்று கீறிச் சுரண்டினார்கள். எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடியும் சுரண்டினார்கள். இரண்டு முறையும் சுரண்டியதைப் பஞ்சோடு குப்பையில் போட்டார்கள், சோதனைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் முறை அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்ந்து, கவாத்து செய்த செடி மாதிரி ஆகியிருந்தது. கோவையில் ஒரு டாக்டரம்மா இமையைப் புரட்டிக் காட்டினார். உள்பக்கம் மஞ்சளாகத் தடித்திருந்தது. சதையை எடுத்துச் சோதித்த பயாப்சியில் ‘செபேஷியஸ் கார்சினோமா’, அதாவது எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று, என்று வந்தது.

நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். அதைச் சுரப்பவை இமைக்குள் வரிசையாக நிற்கும் மெய்போமியன் சுரப்பிகள். கீழிமையைவிட மேலிமையில் இவை அதிகம். இந்தப் புற்றும் மேலிமையில்தான் அதிகம். வெயிலோடு நெருங்கிய தொடர்புடைய வேறொரு இமைப் புற்று பெரும்பாலும் கீழிமையில் வரும். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு மலை வெயில்மேல் பழியைச் சுமத்தியது உங்கள் கட்டுரையின் இன்னொரு குறை.

சுரப்பியின் ஒரு செல்லில் டிபி53, ஆர்பி1 போன்ற மரபணுக்கள் பழுதாவது இந்தப் புற்றுகள் பலவற்றில் காணப்படுகிறது. செல் கண்டபடி பெருகாமல் தடுப்பது அவற்றின் வேலை. இந்தப் பழுது பெரும்பாலும் வாழ்நாளில், அந்த இமைக்குள், அந்தச் செல்லில் நேர்வது. கருமுட்டையில் அது கிடையாது, பிள்ளைக்குப் போகாது. ‘மரபணு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘மரபு’ உட்கார்ந்திருப்பதால் படிப்பவருக்குப் பரம்பரை என்றுதான் தோன்றும். வகுப்பில் இதை விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

பரம்பரையாக வருவதும் உண்டு, மறைக்கவில்லை. மியூர்–டோரே என்று அதற்குப் பெயர். 1967, 1968ஆம் ஆண்டுகளில் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தது. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்எஸ்எச்2, எம்எல்எச்1 போன்ற மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கும். (உங்கள் பத்திரிகையில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறாரா என்று சில ஞாயிறுகளில் எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.) அந்தக் குடும்பங்களில் பெருங்குடல், கருப்பைப் புற்றும் வரும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்கள் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றுக் கட்டியில் போனவர். அதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அக்காவின் இமைத் திசுவிலேயே பிழை திருத்தும் நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கச் சொன்னார். முடிவு வரும்வரை எனக்கும் தூக்கமில்லை, என் குடலும் அதே அம்மா கொடுத்ததுதானே. நான்கும் இருந்தன. மியூர்–டோரேயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார். பிறகு கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டி, ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று பார்த்த பிறகே இமையைத் திரும்பக் கட்டினார்கள். முதல் கீறலிலேயே கண்டிருந்தால் இமையில் பாதி போயிருக்காது.

‘அரிய’ என்ற சொல்லும் மேலை நாட்டுக் கணக்கு. அங்கே இமைப் புற்றுகளில் நூற்றுக்கு ஐந்துகூட இராது. இந்தியக் கண் மருத்துவமனைகளின் கணக்குகளில் மூன்றில் ஒன்று, சிலவற்றில் அதற்கும் மேல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்ப வரும் கண்கட்டியைச் சுரண்டினால், அதைக் குப்பியில் போட்டு, திசுவைச் சோதிக்கும் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்ப வேண்டும். 2022 முதல் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தத் துறை இல்லாத மருத்துவக் கல்லூரி கிடையாது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், அதுவும் ஞாயிறு இணைப்பிலேயே. குன்னூரில் மற்ற நாள் பேப்பர் வாங்குகிறார்களா என்று எனக்குத் தெரியாது. பெண் விஷயம் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோத்தகிரி