மார்ச் பயிற்சிக்கு வருமுன்

லாங்இயர்பியென்
ஜனவரி 18

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சில வருட இடைவெளிக்குப் பிறகு நீ மறுபடி இந்த ஆர்க்டிக் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வழிகாட்டியாக வருகிறாய் என்பதில் எனக்கு நிரம்ப சந்தோஷம். இங்கே இப்போது முழு இருட்டு. மார்ச் 8 வாக்கில்தான் ஊருக்குள் வெயில் எட்டிப் பார்க்கும். பனிக்கரடிப் பாதுகாப்பு, துப்பாக்கிப் புதுப்பிப்புப் பயிற்சி இரண்டுக்கும் எதைப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நீ போன பிறகு மாறியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கரடியிலிருந்து குறைந்தபட்சம் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அதுவே 500 மீட்டர். தாய்க்கரடிகள் குட்டிகளோடு குகையைவிட்டு வெளியே வரும் காலம் என்பதால் அந்தக் கூடுதல் தூரம். எதிர்பாராமல் அதற்குள் மாட்டிக்கொண்டால் நாம்தான் பின்வாங்க வேண்டும். கரடியைத் தேடிப் போவதும், பின்தொடர்வதும், இரை காட்டி வரவழைப்பதும் பழைய சட்டத்திலேயே தடை. சங்கடம் என்னவென்றால், வெள்ளைப் பரப்பில் 300 எது, 500 எது என்று கண் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கம்பமோ கிடையாது. லேசர் தூரமானியைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு அளந்து பார். மங்கலான வெளிச்சத்திலும் இதைச் செய். நாலைந்து நாளில் கண் தேறிவிடும்.

இனி துப்பாக்கி. கரடிக்கு எதிராக எடுத்துப்போகும் ரைஃபிள் பாயிண்ட் 308 அல்லது 30-06 அளவுக்குக் குறையக் கூடாது. பட்டதும் விரியும் மென்முனைத் தோட்டாதான் வேண்டும். வாடகைக்குக் கிடைப்பவற்றில் இன்னும் பழைய மவுசர் 98 வகைதான் அதிகம். பயிற்சியில் எல்லோருடைய கவனமும் குறிபார்த்துச் சுடுவதில் இருக்கிறது. என் அனுபவத்தில் அது சுலபமான பகுதி. தவறுகள் நடப்பது தோட்டா போடும்போதும் எடுக்கும்போதும்தான். அதனால் இதை நிதானமாகப் படி.

வெளியே போகும்போது ரைஃபிள் அரைநிரப்பு நிலையில் இருக்கும். மேகசினில், அதாவது தோட்டாக்கள் அடுக்கும் அறையில், தோட்டா இருக்கும்; சேம்பர், அதாவது சுடப்படும் தோட்டா உட்காரும் குழாயின் பின்முனை, காலி. மவுசரில் ஐந்து தோட்டா கொள்ளும். நான்கு போடு. ஐந்து போட்டால் ஸ்பிரிங் முழுக்க இறுகி, மேல் தோட்டாவை அமுக்க இடம் கிடைக்காது. குழாயைப் பாதுகாப்பான திசையில் காட்டி, இடது கட்டைவிரலால் மேல் தோட்டாவை நன்றாகக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும், கைப்பிடி உள்ள தண்டு) அதன் தலைக்கு மேலே வழுக்கிவிடு. போல்ட் தோட்டாவின் பின்விளிம்பைத் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். அப்புறம் அப்படியே நிறுத்தி சேம்பரைப் பார். இருட்டில் என்றால் சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார். காலி என்று உறுதியானதும் டிரிகரை அழுத்தியபடியே போல்ட் கைப்பிடியைக் கீழே மடக்கு. சுடும் ஊசி சத்தமில்லாமல் தளர்ந்துவிடும்.

இதில் ஆபத்தான நொடி ஒன்றுதான். போல்ட் உனக்குத் தெரியாமலே மேல் தோட்டாவைப் பிடித்து சேம்பருக்குள் தள்ளியிருக்கும். காலி என்று நம்பி நீ டிரிகரை அழுத்துவாய். தவறுதலாக வெடிப்பதில் இந்த வகையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கூட்டம் காத்திருக்கிறது, பனி ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது என்ற அவசரத்தில் சேம்பரைப் பார்ப்பதைத்தான் விட்டுவிடுவார்கள். யார் அவசரப்படுத்தினாலும் நீ விடாதே.

ஊசி தளர்ந்த நிலையில் மவுசரின் சேஃப்டியைப் போடவே முடியாது. அது நல்லதுதான், நினைவில் வைக்க ஒன்று குறைகிறது. அந்த சேஃப்டிக்கு மூன்று நிலைகள் உண்டு: இடப்பக்கம் சாய்ந்தால் சுடும், வலப்பக்கம் சாய்ந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், நடுவில் நிமிர்ந்து நின்றால் போல்ட் திறக்கும், மூடும், ஆனால் சுடாது. பதற்றத்தில் இருப்பவர் நடுநிலையில் போல்ட்டை இழுத்து இழுத்து, சுடாத தோட்டாக்களை எல்லாம் பனியில் கொட்டிவிடுவார். 2011 ஆகஸ்டில் ஃபான் போஸ்ட் பனியாற்று முகாமில் கரடி தாக்கி 17 வயதுப் பையன் இறந்தது உனக்கு நினைவிருக்கும். முகாமைச் சுற்றிக் கட்டிய எச்சரிக்கைக் கம்பியின் வெடி வெடிக்கவில்லை. ரைஃபிளும் முதல் சில முயற்சிகளில் சுடவில்லை. நான்கு பேர் காயமடைந்தார்கள். அந்தப் பெற்றோரை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சின்ன நெம்புகோலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் கைக்குப் பழக வேண்டும். ஒன்று, போல்ட்டைக் கடைசிவரை இழுப்பது. பாதியில் திருப்பினால் அடுத்த தோட்டா ஏறாது. இரண்டாவது, மேகசின் காலியான பிறகு தோட்டாவை நேரே சேம்பரில் போட்டு மூடாதே. மவுசரின் கொக்கி மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவைப் பற்றுவதற்காகச் செய்யப்பட்டது. சேம்பரில் போட்டதன் விளிம்பில் ஏறாமல் முரண்டு பிடிக்கும். மேகசினுக்குள் அமுக்கிவிட்டு ஏற்று.

சுடுதளத்தில் தோட்டா வெடிக்காவிட்டால் குழாயை இலக்கை நோக்கியே வைத்து 30 விநாடி காத்திருக்கச் சொல்வார்கள். தாமதமாக வெடிக்கலாம் என்பதால் அது சரியான விதி. ஆனால் கரடி ஓடிவரும்போது உடனே போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றியாக வேண்டும். பனிக்கரடி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; 50 மீட்டரை ஐந்து விநாடிக்குள் கடந்துவிடும். இரண்டு பழக்கமும் தனித்தனியே வேண்டும். பயிற்சியாளரிடம் போலித்தோட்டா கேட்டு வாங்கி, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேறொருவரைக் கலந்து போடச் சொல்லிப் பழகு. தலைக்குக் குறிவைக்காதே. மண்டை ஒடுக்கம், ஓடும்போது ஆடிக்கொண்டே இருக்கும். நேரே வந்தால் நெஞ்சின் கீழ்நடு, பக்கவாட்டில் தோள். விழுந்தாலும் அசைவு நிற்கும்வரை குறியை எடுக்காதே.

குளிர் செய்யும் வேலைகளை மறந்திருப்பாய். போல்ட்டில் சாதாரண எண்ணெய் இருந்தால் கெட்டியாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். முழுக்கத் துடைத்து உலர்வாக வை. வெளியிலிருந்து ரைஃபிளைச் சூடான குடிலுக்குள் கொண்டுவந்தால் ஈரம் பூத்து, மறுபடி வெளியே எடுத்ததும் உள்ளே பனிக்கட்டியாக உறையும். குளிரான முன்னறையிலேயே வைத்துவிடுவது நல்லது. குழாய்முனையில் எலக்ட்ரிக் டேப் ஒரு துண்டு ஒட்டு, பனி புகாது. அவசரத்தில் டேப்போடே சுடலாம். பனி அடைத்த குழாயில் சுட்டால் குழாயே கிழியும்.

துப்பாக்கியை எடுக்குமுன் பயன்படுத்த வேண்டியது, கரடியை விரட்டும் சிக்னல் பிஸ்டல். வெடிக்கும் தோட்டா உனக்கும் கரடிக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். அதைத் தாண்டிப் பின்னால் வெடித்தால் கரடி சத்தத்துக்குப் பயந்து உன்னை நோக்கியே ஓடிவரும். கரடி மிக அருகில் வந்துவிட்டால் இந்தத் தவறுக்கு வாய்ப்பு கூடும் என்பதால், தயக்கமின்றி முன்கூட்டியே பயன்படுத்து. உன் தோட்டா எத்தனை மீட்டரில் வெடிக்கிறது என்பதைப் பெட்டியில் படித்ததோடு விடாமல், பயிற்சியில் ஒன்றைச் சுட்டு நேரில் பார். வெடிப்பதையும் வெளிச்சம் தருவதையும் ஒரே பையில் போடாதே. கையுறையோடு தடவினாலே தெரியும்படி ஒன்றில் டேப் சுற்றிவை. இவை இருக்க வேண்டிய இடம் சட்டையின் மார்புப் பை. முதுகுப்பையில் கிடந்தால் உதவாது.

கரடியைப் படிப்பதுபற்றி ஒன்று மட்டும். 1870 முதல் 2014 வரை பதிவான 73 தாக்குதல்களை ஆராய்ந்தவர்கள், அதிகம் ஆபத்தானவை மெலிந்து பசியோடிருக்கும் வளர்ந்த ஆண் கரடிகள் என்று கண்டிருக்கிறார்கள். அந்தத் தாக்குதல்களில் இறந்தவர்கள் 20 பேர். ஆகவே இடுப்பெலும்பு தெரிகிறதா என்று பைனாகுலரில் பார். மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்து, நின்று நின்று வருவது ஆர்வம். சீறுவதும் தாடையைக் கிட்டிப்பதும் எரிச்சல். சத்தமே இல்லாமல் நேர்கோட்டில் வருவதுதான் வேட்டை. அப்போது கூட்டத்தை ஒட்டி நிற்கவை, யாரையும் ஓடவிடாதே.

ஊருக்குப் பக்கம்தானே என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய கூடார முகாமிலேயே ஒருவர் கொல்லப்பட்டார். கப்பலில் வேலை கிடைத்தால் 2018 ஜூலையில் ஃபிப்ஸ் தீவில் நடந்ததை நினைத்துக்கொள்: பயணிகள் இறங்குமுன் நிலத்தைச் சோதிக்கப் போன வழிகாட்டிகளில் ஒருவரைக் கரடி தாக்கியது, மற்றவர்கள் அந்தக் கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பலிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் மேட்டுக்குப் பின்னால் படுத்திருப்பது தெரியாது. ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்படி நகருங்கள். சுட நேர்ந்தால் உடனே ஆளுநர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்; உடலைத் தொடாமல் விட வேண்டும். விசாரணை கட்டாயம் நடக்கும், அதைக் கண்டு கலங்காதே.

கடைசியாக, நீ இடதுகைக்காரன். மவுசர் போல்ட் வலப்பக்கம். இடத்தோளில் வைத்துச் சுட்டால் டிரிகரிலிருந்து கையை எடுத்து மேலே வளைத்து எட்ட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் குறி கலையும். மண்டியிட்டு முன்பகுதியை முதுகுப்பைமேல் சாய்த்து, இடக்கை டிரிகரில் இருக்க வலக்கையால் போல்ட்டை இயக்கிப் பார். ஒத்துவராவிட்டால் இடதுகை போல்ட் உள்ள ரைஃபிள் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் எழுதினால் நேரம் இருக்கும்.

அன்புடன்,
சேகர்