சுவருக்கும் ஆணிக்கும் நடுவே

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே படித்ததில் இரண்டாம் பக்கம் முழுக்கக் கறை. ஆனாலும் விஷயம் புரிந்தது. மகனின் புது அடுக்குமாடி வீட்டில் கூடத்துச் சுவரில் ஒன்றும் மாட்டக்கூடாது, சாம்பல் நிறச் சாயம் மட்டும் இருந்தால் போதும் என்கிறாள் மருமகள். நீயோ பெட்டி நிறையப் படங்களை வைத்துக்கொண்டு முழிக்கிறாய். நான் உன் பக்கம் பேசுவேன் என்று நம்பித்தானே எழுதினாய்? பாதிதான் பேசுவேன்.

கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் நாம் இருந்த வீடுகளை நினைத்துப் பார். பலகைச் சுவர். சுத்தியலும் நாலு ஆணியும் இருந்தால் எந்தப் படமும் வாங்கிய அன்றே சுவரேறிவிடும். முதலில் சாமிகள், அடுத்துத் தாத்தா பாட்டி, பிறகு காந்தியும் நேதாஜியும். 1943-ல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பெண்கள்கூட ஜான்சிராணி படையில் சேர்ந்தார்கள் அல்லவா? நம் பெற்றோர் அந்தப் பெருமையைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் மட்டும் நேதாஜிக்கு நேர் எதிரே எம்.ஜி.ஆர். கதவுக்குப் பின்னால், பந்தய நாட்களில் குதிரைப் படம் போட்ட குதிரைக் காலண்டர். கூட்டுச் சீட்டுப் பணம் கட்டும் நாளெல்லாம் அதில்தான் வட்டம் போட்டிருக்கும்.

எல்லாப் படமும் உத்தரத்தை ஒட்டி, கயிற்றில் முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கும். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இன்று கண்ணுக்கு நேராக மாட்டுகிறார்கள், ரசிப்பதற்கு அதுதான் வசதி. அன்றைக்கு மாட்டியதோ கும்பிடுகிற உயரத்தில். சாமி, தாத்தா, தலைவர், நடிகர் எல்லோருக்கும் ஒரே உயரம் கொடுத்திருக்கிறோம் பார்!

நீ தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறாயே, தாமரைமேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலையோடு யானை, அது ரவிவர்மா வழி வந்த படம். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் எண்ணெய் ஓவியங்களைக் கல்லச்சில் போட்டுச் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலைக்குக் கொண்டுவந்தார் அவர். உன் பாட்டி அந்தப் புடவைமேல் ஜரிகைத் துணி ஒட்டி, சம்கி வைத்துத் தைத்திருந்தார் இல்லையா, தமிழ்நாட்டிலும் வடக்கிலும்கூடப் பெண்கள் அதைச் செய்தார்கள். அச்சடித்த படம் ஊருக்கெல்லாம் ஒன்றுதான், சம்கி வைத்த பிறகு அது உங்கள் வீட்டு லட்சுமி.

எங்கள் வீட்டு முருகன் கோவில்பட்டி கொண்டையராஜு பாணி. அவர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். அந்தப் பாணிப் படங்களில் சாமிக்குப் பின்னால் மலையும் சோலையும் மேடைத் திரை மாதிரியே விரிவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். அவையெல்லாம் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வந்தவை. வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போடக் கொடுப்போம். ஆக, மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்கு எதைச் சுருட்டிக் கொடுத்தாரோ அதுதான் நம் ரசனை. மருமகளிடம் ரொம்பவும் பெருமை பேசாதே.

பிறகு தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளின் கல்வீடுகளுக்குப் போனோம். ஆணி வளைந்தது, காரை உதிர்ந்தது. படங்கள் குறைந்தன, சட்டங்கள் பெரிதாயின. பிள்ளைகள் பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் படம் நடு நாயகமாக வந்தது. தாத்தா மெல்ல அறைக்குள் போனார். சோபாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஐரோப்பிய அருவி ஒட்டினோமே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை. என் மகள் ஜார்ஜ்டவுனில் லெபோ சூலியா தெருப் பக்கம், கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ஒரு ஆணி அடித்தால் உள்ளங்கை அளவுக்குக் காரை பெயர்ந்து வரும். அந்தக் காலத்தில் அதற்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். முன்பு இருந்தவர் யாரோ சிமெண்டு பூசி, மேலே பளபளப்புச் சாயம் அடித்துவிட்டார். ஈரத்துக்கு வழியில்லை. அது மேலே மேலே ஏறி, உப்புப் பூத்து, சாயம் கொப்புளித்துக் கிடக்கிறது. எதை மாட்டினாலும் பின்பக்கம் பூஞ்சை.

2000-ல் வாடகைக் கட்டுப்பாடு போன பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்த வீடுகளைக் காலி செய்தன. 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்தது. இப்போது அதே வீடுகள் விடுதிகளாகிவிட்டன. சில விடுதிகளில் உரிந்த சுவரை வேண்டுமென்றே அப்படியே விட்டு, நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள் தெரிய விளக்குப் போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் அப்படி ஒரு சுவரை விட்டிருந்தால் நம் அம்மாக்கள் சோறு போட்டிருப்பார்களா? லெபோ ஆர்மேனியனில் 2012-ல் லித்துவேனியக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளுக்கு முன்னால் இன்றும் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஓவியத்தைப் போலவே அந்தப் பழைய சுவரும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

அதனால் மருமகளிடம் சண்டை பிடிக்காதே. புது அடுக்குமாடிகள் பலவற்றில் உள் சுவர்கூட கான்கிரீட்டுதான், ஆணி இறங்காது. ஒட்டும் கொக்கியை நம்பிக் கண்ணாடிப் படத்தைத் தொங்கவிட்டால் ஒருநாள் சாயத்தோடு விழும். நாள் முழுக்கத் திரையில் நூறு படம் பார்த்துவிட்டு வருகிறவள் வெறும் சுவரைக் கேட்பதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் உன் அறைச் சுவர் உன்னுடையது. அங்கே மகனைக் கூப்பிட்டு டிரில் போடச் சொல், அதில் விட்டுக்கொடுக்காதே. வெளிப்பக்கச் சுவர் வேண்டாம், மழை ஈரம் உள்ளே வரும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிவிடு, காற்று போகட்டும். பல்லி முட்டையிடும்தான், அதற்கு நான் பொறுப்பில்லை. பழைய புகைப்படங்கள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதே, முகம் போய்விடும். அப்படியே நகல் எடுக்கச் சொல்.

நேதாஜியை யாரும் கேட்கவில்லை என்றால் எனக்கு எடுத்து வை. பேருந்தில் அனுப்பிவிடாதே, கண்ணாடி தாங்காது. பேத்தி கல்யாணத்துக்கு வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன். எம்.ஜி.ஆர். யாருக்கு என்று எழுது, என் தம்பி கேட்கச் சொன்னான்.

உன் பழைய
பக்கத்து வீட்டுக்காரி