‘கெட்டியாகப் பிடி’ என்று சொல்லத்தானா 169 டாலர்?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இயந்திரத் துப்பாக்கிச் சுடுதல் சுற்றுலாப் பிரிவு,
லாஸ் வேகாஸ், நெவாடா.

பொருள்: பயிற்சி என்று பணம் வாங்கிவிட்டுப் பயிற்சி தராதது, கூரைச் சேதத்துக்கு 75 டாலர் பிடித்தது.

ஐயா / அம்மா,

வணக்கம். முன்பதிவின்போது என்னோடு பேசிய உங்கள் ஊழியர் தமிழர். சந்தேகம் எதுவானாலும் தமிழிலேயே எழுதலாம் என்றார். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

கடந்த மார்ச் மாதம் நான், என் தங்கை, தங்கை கணவர் மூவரும் உங்கள் ‘மூன்று துப்பாக்கி’ சுற்றுலாவுக்கு வந்தோம். ஆளுக்கு 169 டாலர், மொத்தம் 507. எம்பி5, ஏகே-47, கடைசியில் தோட்டாப் பட்டை ஓடும் எம்249. உங்கள் விளம்பரத்தில் இரண்டு விஷயங்கள் தடித்த எழுத்தில் இருந்தன. ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர். துப்பாக்கியைப் பிடிக்கும் முறையிலிருந்து கற்றுத் தருவோம். இந்த இரண்டாவது வரிக்காகத்தான் உங்களிடம் வந்தேன். இதே ஊரில் இதைவிடக் குறைந்த விலையில் சுட வைக்கும் இடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

நடந்தது என்ன? அறிமுக வகுப்பு என்று எங்களை உட்கார வைத்த நேரம் ஏழு நிமிடம். அதில் பெரும்பகுதி உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கும், புகைப்படத் தொகுப்பும் டி-ஷர்ட்டும் வேண்டுமா என்று கேட்பதற்கும் போனது. விரலை விசைமேல் வைக்காதே, குழலை இலக்குப் பக்கமே வைத்திரு என்று சொன்னார்கள். சரி, அது மிக முக்கியம், அதில் குறை சொல்ல மாட்டேன். காதுக்கு அடைப்பானும் அதன்மேல் மூடியும் கொடுத்தார்கள், அதுவும் சரி. பிடிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் என் முறை. கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது பாயிண்ட் 22 ரைபிளில் சுட்டிருக்கிறேன். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையில் ஒட்டி, மூச்சை அடக்கி, ஒரு தோட்டா. மறுபடி போல்ட்டை இழுத்து இன்னொரு தோட்டா. எங்கள் ஹவில்தார் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். அந்த வேலைக்கு அது போதும். அதே நினைப்பில் இங்கே நின்றுகொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வலது முழங்கையை இறக்கை மாதிரி விரித்து வைத்தேன். உங்கள் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருத்தவில்லை. எம்பி5 நிமிடத்துக்குச் சுமார் 800 தோட்டா வேகத்தில் சுடும். மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், போட்டிருந்த 25-ம் இரண்டு விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்று அர்த்தம். விசையை அமுக்கினேன். முதல் இரண்டு தோட்டா இலக்குத் தாளில் பட்டிருக்கும். மற்றவை எங்கே போயின என்று எனக்கே தெரியாது. குழல் மேலே ஏற, நான் பின்னால் போக, குதிகாலில் நின்றேன்.

அப்போது பயிற்சியாளர் சொன்னது இரண்டே சொல்: கெட்டியாகப் பிடி.

நானும் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு. எங்கே பிடிப்பது, எந்தத் திசையில் அழுத்தம் கொடுப்பது என்பது தெரியாதவனிடம் கெட்டியாகப் பிடி என்றால், அவன் இன்னும் விறைப்பான். விறைத்தால் கை நடுங்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்கும் முறையைச் சொல்லித் தந்தவர் உங்கள் ஊழியர் இல்லை. பக்கத்துத் தடத்தில் தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர். பேச்சிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் என்று தெரிந்தது. மஞ்சள் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நின்று, வெறுங்கையை வைத்துக்கொண்டே அரை நிமிடத்தில் காட்டினார். இடது காலை முன்னே வை, முழங்காலை லேசாக மடக்கு, பழுதாகி நின்ற வண்டியைத் தள்ளுவதுபோல் எடையை முன்னே சாய். கட்டையின் அடி தோள் எலும்பிலோ புஜத்திலோ இருக்கக் கூடாது, கழுத்தெலும்புக்குக் கீழே தோளுக்கு உள்பக்கம் இருக்கும் அந்தக் குழியில் இருக்க வேண்டும். வலது கை பிடியில் எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் கவை இடைவெளியில்லாமல் படியட்டும். முழங்கை கீழே. இடது கை மேகசினைப் பிடிக்கக் கூடாது, முன்பிடியைப் பிடிக்க வேண்டும். ஆனால் எம்பி5-ன் முன்பிடி குட்டை என்பதால் விரல்கள் அதைத் தாண்டிக் குழல்வாய்ப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள். அப்புறம் இரண்டு கையாலும் துப்பாக்கியை நசுக்காதே, தோளுக்குள் இழு. கடைசியாக ஒன்று: விசையை அமுக்கியபடியே இருக்காதே, மூன்று நான்கு தோட்டாவுக்கு ஒருமுறை விடு.

அடுத்த மேகசினில் என் தோட்டாக்கள் ஏறக்குறைய எல்லாமே தாளில் இருந்தன. தோளில் உதைத்த வேகம் அதேதான். உதைப்பை வாங்கிக்கொள்ள உடம்பு தயாராக நின்றது, அது ஒன்றுதான் வித்தியாசம். பணம் வாங்காத ஒருவர் அரை நிமிடத்தில் தந்ததை, பணம் வாங்கிய நீங்கள் தரவில்லை. என் புகாரின் சாரம் இதுதான். மீதி இதன் விளைவு.

அந்த விளைவு என் தங்கைக்கு நேர்ந்தது.

அவள் இடதுகைக்காரி. யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னபோது, பரவாயில்லை, வலது தோளில் வையுங்கள் என்றார் பயிற்சியாளர். ஏகே-47-ல் காலித் தோட்டாக் கூடு வலப்பக்கம் பறக்கும், போல்ட் இழுக்கும் பிடியும் வலப்பக்கத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னும் பின்னும் ஓடும். இடது தோளில் வைப்பவரின் முகம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே வலது தோளுக்கு மாற்றச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அவளுக்குக் கண்ணிலும் இடதுதான் ஓங்கியது, குறி பார்க்க அதுதான் முந்தும். வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்க்கப் போனால் என்ன ஆகும்? தலை கட்டைக்கு மேலே தாண்டி வளையும், கன்னம் கட்டையில் படாது, தலைக்கு இடம் விடக் கட்டை வெளியே நகர்ந்து புஜத்துக்குப் போகும். அப்படியேதான் போனது. பின்னாலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. வலது கண்ணால் பார்க்கச் சொல்லி இடது கண்ணை மூட வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இதற்குமேல் முதல் மேகசினையே தானியங்கி நிலையில் கொடுத்தார். ஏகே-47-ன் தேர்வு நெம்புகோலில் மேலே பாதுகாப்பு, நடுவில் தானியங்கி, கீழே ஒற்றைச் சுடு. இன்னும் ஒரு படி கீழே தள்ளியிருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரே தோட்டா. அல்லது மேகசினில் முதலில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு என்று போட்டுக் கொடுத்திருக்கலாம். புதியவர்களுக்கு அப்படித் தொடங்கும் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர். ஒரு படி, இரண்டு தோட்டா, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

குழல் ஏன் மேலே ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குழல் இருக்கும் கோடு உயரத்தில், தோளில் படும் இடம் அதற்குக் கீழே. தோட்டா கிளம்பும்போது பின்னுதைப்பு அந்த உயரக் கோட்டில் வருகிறது, தோள் கீழே தடுக்கிறது, ஆகவே முன்பக்கம் எழும்புகிறது. அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்16-ல் கட்டை ஏறக்குறையக் குழலுக்கு நேர்கோட்டிலேயே இருக்கும். ஏகே-47-ல் கட்டை தாழ்ந்திருப்பதால் எழும்பல் அதிகம். அது சுடும் வேகம் நிமிடத்துக்கு 600 தோட்டா என்றால் விநாடிக்குப் பத்து. முதல் தோட்டா எழுப்பிய குழல் கீழே இறங்குவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், அது இன்னும் எழுப்பும். புஜத்தில் வைத்த கட்டையால் இதைத் தடுக்க முடியாது.

தங்கை பயத்தில் விசையை விடவில்லை. பயந்தவர் கை இறுகும், விரலும் இறுகும், இது எல்லோருக்கும் நடப்பது. மூன்று தோட்டா கூரையின் இரும்புத் தடுப்புத் தகடுகளில் பட்டது. அவள் பின்னால் சரிந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கை தயாராக இருந்திருக்க வேண்டும். அந்தக் கை அவளுடைய கைப்பேசியைப் பிடித்துக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் முதுகைத் தாங்கியது நான். அதற்குள் அவள் விரல் விசையை விட்டிருந்தது, நல்ல காலம். பிறகு கோட்டைத் தாண்டியதற்காக என்னைத் திட்டினார்கள். விதிப்படி அந்தத் திட்டு சரிதான். நான் ஏன் தாண்ட வேண்டியிருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதை நான் பெரிதுபடுத்துவதாக, 75 டாலர் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சலில் ஒரு தொனி இருந்தது. 2014 ஆகஸ்டில், உங்கள் ஊரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில், அரிசோனாவின் ஒயிட் ஹில்ஸில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது வயதுச் சிறுமி கையில் ஊஸி (Uzi) என்ற தானியங்கித் துப்பாக்கி. முதலில் ஒரு தோட்டா ஒழுங்காகப் போனது. தானியங்கிக்கு மாற்றியதும் துப்பாக்கி அவள் கையை மீறி எழும்பித் திரும்பியது; பக்கத்தில் நின்ற பயிற்சியாளரே இறந்துபோனார். அந்தச் சிறுமி வேறு, 31 வயதான என் தங்கை வேறு, தெரியும். ஆனால் முதன்முதலாக இதைக் கையில் எடுப்பவர் எந்த வயதானாலும் புதியவர்தான். 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கி எதையும் இந்த நாட்டில் சாதாரணக் குடிமக்கள் சொந்தமாக வாங்க முடியாது. அதற்கு முந்தியவை மிகக் குறைவு, விலையும் எட்டாது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களிடம் வருகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது துப்பாக்கிக்கு, எம்249-க்கு, வேறொரு பயிற்சியாளர் வந்தார், ஒரு பெண். இருகாலியில், அதாவது முன்பக்கத்தில் உள்ள இரண்டு கால் தாங்கியில், மேசைமேல் நிற்கும் துப்பாக்கி அது. இடது கையை முன்னால் நீட்டாமல் கட்டையின் மேலே போட்டுத் தோளோடு அழுத்தச் சொன்னார், உடம்பால் துப்பாக்கியை முன்னே தள்ளி இருகாலியை இறுக்கச் சொன்னார், ஒவ்வொரு முறையும் விரலை எப்போது எடுப்பது என்று வாயால் எண்ணினார். தங்கை கணவர் அதில் சுட்டபோது பிசகே இல்லை. முடிந்தபின் ஈயத்தூள் கையில் இருக்கும், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொன்னதும் அவர் ஒருவர்தான். அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். கற்றுத் தரத் தெரிந்தவர் உங்களிடம் இருக்கிறார் என்பதால்தான் எனக்குக் கோபம் கூடுகிறது.

தங்கை அந்த மூன்றாவதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு வலது புஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போன தடம், இரண்டு வாரம் இருந்தது. வெளியே வந்தபோது கூரைத் தகடுகளுக்கு 75 டாலர் என்று அட்டையில் பிடித்திருந்தீர்கள். கேட்டதற்கு, வாடிக்கையாளர் பயிற்சியாளரின் அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று பதில் எழுதினீர்கள். எந்த அறிவுரை? இதுவரை சொல்லவில்லை. உறுதிமொழிப் படிவத்தை நினைவுபடுத்தினீர்கள். ஆபத்து உண்டு என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். கற்றுத் தர வேண்டாம் என்று எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

ஆகவே அந்த 75 டாலரும், தங்கைக்குக் கட்டிய 169 டாலரும், மொத்தம் 244, திருப்பித் தர வேண்டும். என்னுடையதையும் தங்கை கணவருடையதையும் கேட்கவில்லை; நாங்கள் சுட்டோம், அனுபவித்தோம். அப்புறம், முன்பதிவுப் படிவத்தில் வலதுகையா இடதுகையா என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. உங்கள் விளம்பரப் படத்தையும் மாற்றுங்கள். அதில் சிரிக்கும் பெண் கட்டையைப் புஜத்தில் வைத்து, பின்னால் சாய்ந்து, சுடாதபோதும் விரலை விசையில் வைத்திருக்கிறார். உங்கள் வகுப்பில் சொன்ன முதல் விதியையே உங்கள் படமே மீறுகிறது.

அட்டைப் பற்றுச் சீட்டு, தங்கையின் கையில் இருந்த தடத்தின் படம் இரண்டையும் இணைத்திருக்கிறேன். உங்கள் பயிற்சியாளர் எடுத்த காணொளியும் இருக்கிறது. 11 விநாடி. கட்டை எங்கே இருந்தது என்பது முதல் மூன்று விநாடியில் தெளிவாகத் தெரிகிறது. அதன்பின் கூரையும், கேமராவை மறைத்த அவர் விரலும் மட்டுமே.

இப்படிக்கு,
மூன்று பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிய உங்கள் வாடிக்கையாளர்