14-ஆம் நாள் எழுதிய அந்த எண்ணை எங்களிடமும் சொல்லுங்கள்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் மகள் 26 வாரத்தில், 840 கிராம் எடையில் பிறந்தாள். அவளைப் பிழைக்க வைத்தவர்கள் நீங்கள்தான். அதை ஒரு நாளும் மறக்கமாட்டேன். இந்த மடலில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றியும் கோபமும் எனக்கு ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

போன மாதம் இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதற்காக அவளுடைய கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். புரட்டிக்கொண்டே வந்தபோது 14-ஆம் நாள் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. மிதமான அல்லது கடுமையான பி.பி.டி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வருவதற்கான வாய்ப்பு 68 சதவீதம். அதன் அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தது.

இந்த நோயைப் பற்றி நான் முதன்முதலாகக் கேட்டது அவளுடைய 70-ஆம் நாளில். கர்ப்பக் கணக்குப்படி 36 வாரம் நிறைந்த அன்று, ரவுண்ட்ஸின் நடுவே, "நாள்பட்ட நுரையீரல் நோய் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வாரமாக அந்த எண் கோப்பில் இருந்திருக்கிறது. அந்தக் கோப்பு அவள் கால்மாட்டில்தான் இருந்தது.

இந்த எட்டு வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வென்டிலேட்டரிலிருந்து, மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பேப் கருவிக்கு மாறிய பிறகு, அவளை என் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அணைத்துக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் அவள் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90 என்று இருந்தது 86 ஆனது, அப்புறம் 82. அலாரம் அடித்தது. நர்ஸ் வந்து, கொடுக்கும் ஆக்சிஜனை 28 சதவீதத்திலிருந்து 35-க்கு ஏற்றிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. நான் ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை மணிக்கு அணைத்தேன், எத்தனைக்கு இறங்கியது, எவ்வளவு ஏற்றினார்கள். ஒரு வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். என் மூச்சுக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் தொட்டால்தான் இவளுக்கு இப்படி ஆகிறது.

அதன் பிறகு ஒன்பது நாள் அவளைத் தூக்கவில்லை. "இன்றைக்கு வேண்டாம் சிஸ்டர், சளி பிடித்த மாதிரி இருக்கிறது" என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டு, அவள் உள்ளங்கைக்கு அருகில் வைத்துக்கொள்வேன். தொடமாட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் தொடாத அந்த ஒன்பது நாளிலும் அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஆக்சிஜன் குறையவே இல்லை. ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"உங்கள் குழந்தையின் நுரையீரல் நீண்ட நாள் சிரமப்படும், இதை எதிர்பார்த்துத்தான் இருக்கிறோம், இதற்கு நீங்கள் காரணமில்லை" என்று 14-ஆம் நாள் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், எனக்கு அந்த ஒன்பது நாள் இருந்திருக்கும். நான் கேட்பது இவ்வளவுதான். கணிப்பு உங்கள் கையில் இருக்கிறது என்றால், அதே நாளில் எங்களிடமும் சொல்லுங்கள்.

எதற்காகக் கணிக்கிறீர்கள் என்பதையும் அப்புறம் தேடித்தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 16-ஆம் நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினீர்கள். "நுரையீரலுக்கு ஒரு மருந்து" என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பி.பி.டி. வாய்ப்பு 35 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்த ஸ்டீராய்டு கொடுத்தால் மரணமோ பெருமூளை வாதமோ நேரும் ஆபத்து கூடுகிறது, 65-க்கு மேல் இருந்தால் குறைகிறது என்று 2005-லேயே டாயில் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு இது பாடம். அப்படியானால் அந்த 68-ஐ வைத்துத்தானே மருந்து கொடுத்திருப்பீர்கள்? முடிவு சரியாகவே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் மகளின் மூளையையும் நுரையீரலையும் தராசில் வைத்தீர்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் என்னிடம் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். பயம் இன்குபேட்டரைப் பார்த்த முதல் நிமிடமே வந்துவிட்டது. பெயர் தெரியாத பயம்தான் அதைவிட மோசம். கணிப்பு தவறலாம் என்கிறீர்கள். சரி, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். 100-ல் 68 என்றால் மீதி 32 இருக்கிறது என்பது எங்களுக்கும் புரியும். முதல் நாளில் குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதுதான் பெரிதாகப் பேசும், ஒரு வாரம் போனால் எந்த விதமான மூச்சு உதவியில் குழந்தை இருக்கிறது என்பதே அதிகம் பேசும் என்று, இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் கணிப்பானை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். எண் மாறினால் மாறிவிட்டது என்று மறுபடி வந்து சொல்லுங்கள்.

கணிப்பான் என்றதும் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2011-ல் வந்த அந்தக் கணிப்பான் அமெரிக்க மருத்துவமனைகளின் குழந்தைகளை வைத்துச் செய்தது. இனம் என்ற இடத்தில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானிக் என்று மூன்றுதான் இருந்தன. உலகில் எத்தனையோ குழந்தைகள் இந்த மூன்றிலும் சேரமாட்டார்கள். என் மகளுக்கு எதை அழுத்தினீர்கள்? உங்கள் பிரிவில் பிறந்த குழந்தைகளிடம் அந்த எண் எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று ஒரு கணக்காவது வைத்திருக்கிறீர்களா? 1967-ல் நார்த்வே என்ற மருத்துவரின் குழுவினர் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். அன்று முதல் 28 நாள் ஆக்சிஜன் தேவைப்படுவது, 36 வாரத்தில் ஆக்சிஜன் தேவைப்படுவது, பிறகு மூச்சு உதவியை வைத்துத் தரம் பிரிப்பது என்று வரையறையை எத்தனையோ முறை மாற்றி எழுதிவிட்டீர்கள். பெற்றோரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பணிவோடு கேட்கிறேன். பத்து நிமிடம், ஒரு நாற்காலி, ஒரு தாள் போதும். எண்ணையும், அது எதனால் அந்த எண் என்பதையும், குழந்தையின் ஆக்சிஜன் இறங்கினால் அது தூக்கியவர்களின் குற்றமல்ல என்பதையும் எழுதிக் கொடுங்கள். கடைசியில் சொன்னதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு ஆக்சிஜனோடுதான் போக நேரும் என்று தோன்றினால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூக்குக் குழாயைக் கன்னத்தில் எப்படி ஒட்டுவது என்று எனக்கு டிஸ்சார்ஜ் ஆன அன்று மதியம்தான் காட்டினார்கள். முதல் வாரத்திலேயே பிளாஸ்திரியோடு அவள் கன்னத்துத் தோலும் வந்துவிட்டது.

இப்போது அவளுக்கு ஒன்றே கால் வயது. குழாய் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. சளி பிடித்தால் மட்டும் இரவெல்லாம் விலா எலும்பு உள்ளே இழுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாளைக் காலை ரவுண்ட்ஸிலும் ஏதோ ஒரு கோப்பின் ஓரத்தில் ஒரு எண் எழுதுவீர்கள். எழுதி முடித்ததும் அந்தக் குழந்தையின் அம்மாவைக் கூப்பிடுங்கள். நேரம் கொடுத்தால் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன்.

இப்படிக்கு,
26 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் அம்மா