அம்மாவின்ர விரலில மெஷினைப் போட முந்தி

வெள்ளவத்தை
28 ஆகஸ்ட் 2021

மச்சான்,

அம்மாவுக்குக் கொவிட் பொசிட்டிவ் எண்டு எங்கட பழைய வகுப்பு மொனிட்டர் சொல்லித்தான் தெரியும். இவ்வளவு மாசமும் கதைக்காமல் விட்டது என்ர பிழை, அதைப் பிறகு பேசுவம். 30ஆம் திகதி லொக்டவுனைத் திறக்கும் எண்டாங்கள், இப்ப செப்டெம்பர் 6 வரைக்கும் நீட்டிப்போட்டாங்கள். போனில சொன்னால் பாதியை மறந்துபோவாய், கெமிஸ்ட்ரி பிரக்டிகல் மாதிரி. வாசிச்சிட்டுப் பிரிட்ஜில ஒட்டு.

முதல் ஒக்சிமீட்டர், விரலில மாட்டி ரத்தத்தில ஒட்சிசன் பாக்கிற மெஷின். அம்மா சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கையே ஒட்சிசன் இறங்கும், மூச்சு வாங்கவே வாங்காது. காய்ச்சல் தொடங்கி ஐஞ்சாம் நாளில இருந்து பத்தாம் நாள் வரைக்கும்தான் கூடுதல் பயம். "ஆள் நல்லா இருக்கிறா" எண்டு முகத்தைப் பாத்து முடிவெடுக்காத.

ஐஞ்சு நிமிசம் கதிரையில சும்மா இருக்கவிடு. கை குளிர்ந்திருந்தால் தேய்ச்சுச் சூடாக்கு. மருதாணி, கியூடெக்ஸ் இருக்கிற விரல் வேண்டாம். நகம் மேல்பக்கம் இருக்க, விரலை முட்டும் வரைக்கும் உள்ளுக்கு விட்டு, கையை நெஞ்சில வைக்கச் சொல்லு. முதல் வாற நம்பரை விட்டிடு, ஒரு நிமிசம் ஆடாமல் நிக்கிறதை எழுது. ரெண்டு நம்பர் வரும்: சதவீதக் குறி போட்டது ஒட்சிசன், மற்றது நாடித்துடிப்பு. நாடி 88 எண்டதை ஒட்சிசன் எண்டு நினைச்சுப் பதறுற ஆக்களும் இருக்கினம், மாறிப் பாத்து நிம்மதியா இருக்கிற ஆக்களும் இருக்கினம். ரெண்டாவதுதான் ஆபத்து.

காலமை, மத்தியானம், இரவு மூண்டு தரமும் கொப்பியில எழுது. கறுத்த தோலில இந்த மெஷின் உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், அதால ஒரு நம்பரை நம்பாமல் இறங்கிக்கொண்டு போகுதோ எண்டு பார். 40 காலடி எடுத்து நடக்கவிட்டுத் திரும்பப் பார். மூண்டு குறைஞ்சால் டொக்டரோட கதை. 94க்கு வந்தாலும் கதை. 92 எண்டால் யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லை, 1990 ஆம்புலன்ஸுக்குப் போன் அடி.

ஒட்சிசன் சிலிண்டர் வாங்கி வைக்கட்டோ எண்டு கேட்டியாம். வேண்டாம் மச்சான். எவ்வளவு விடுறது எண்டு தெரியாமல் வீட்டில வச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போறதுதான் நடக்கும்.

அறை யன்னல் திறந்தே இருக்கட்டும், மின்விசிறியை யன்னலில வெளிய பாத்து வை. பாத்ரூம் ஒண்டுதானே, அம்மா கடைசியாப் போகட்டும், பிறகு அரை மணித்தியாலம் யன்னலைத் திறந்து விடு. சாப்பாடு குடுக்கேக்க ரெண்டு பேரும் மாஸ்க். பிள்ளையளுக்கு ஒன்லைன் வகுப்பு எண்டாலும் அந்த அறைப்பக்கம் வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பனடோல் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு எட்டுக்கு மேல போகக்கூடாது. தடிமனுக்கு எண்டு வேற குளிசை வாங்கினால் அதுக்குள்ளயும் பரசிட்டமோல் இருக்கோ எண்டு பெட்டியைப் பார். பக்கத்து வீட்டார் தாற டெக்சாமெத்தசோனை வாங்காத. ஒட்சிசன் தேவைப்படுற ஆளுக்குத்தான் அது உதவும், மற்ற ஆளுக்குக் கெடுதலாகலாம். அம்மாவின்ர சுகரும் ஏறும். சாப்பிடேல்ல எண்டு இன்சுலினை நீயா நிப்பாட்டாத, கேட்டுச் செய். கொத்தமல்லித் தண்ணி குடிக்கட்டும், நல்லது. ஆனால் கொதிதண்ணிச் சட்டிக்கு மேல போர்வை போட்டு ஆவி பிடிக்க விடாத, அந்த வயசில சட்டி சரிஞ்சால் தொடையெல்லாம் வெந்துபோகும்.

ஒரு பை இப்பவே கட்டு: கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குளிசையள், கண்ணாடி, போன் சார்ஜர், மாத்து உடுப்பு, அந்த நம்பர் எழுதின கொப்பி. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகு தேடினால் ஒண்டும் அம்பிடாது.

அம்மாவைப் பற்றி யோசிச்சு இரவு நித்திரை இல்லை மச்சான். எட்டு மணி நம்பரை எடுத்தவுடன எனக்கு அனுப்பு, உக்கார்ந்து எடுத்ததும் நடந்து எடுத்ததும், ரெண்டும்.

உன்ர,
பின்வாங்கில்காரன்