முகம் காட்டிய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

“இனி மல்லாந்து படுக்கலாம், படமும் வரையலாம்” என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. கண்ணுக்கு என்ன ஆனது, எப்படி ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஓடியலைந்ததே நீங்கள்தானே. அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் இன்னும் தெம்பு வரவில்லை.

ராத்திரியில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நன்றி. பணத்துக்கு என்ன வழி என்று யோசிக்கும் முன்பே கட்டி முடித்துவிட்ட நண்பர்களுக்கும், சொட்டு மருந்துக்காக அலாரம் வைத்து அலாரம் வைத்து எழுந்த என் மகளுக்கும் நன்றி. பதினாறாம் நாள் படத்திறப்புக்குக் கொடுக்க வேண்டியிருந்த படங்களைத் தன் வேலையை ஒதுக்கிவிட்டு முடித்துக் கொடுத்தார் ஒரு சக ஓவியர். ஒன்றில்கூடத் தன் கையெழுத்தைப் போடவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. அவர் இதைப் படிப்பாரா என்று தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் போதும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் குப்புறவே இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. கண்ணுக்குள் ஏற்றிய வாயுக் குமிழி எப்போதும் மேல் நோக்கித்தான் எழும்பும். தலை கவிழ்ந்திருந்தால்தான் அது பின்னால் இருக்கிற விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சாப்பிடுவதும் குனிந்தபடி, தூங்குவதும் குப்புற. இத்தனை வருஷமாக முகம் பார்த்தே பிழைத்தவனுக்கு அங்கே பார்க்கக் கிடைத்தது தரையும் கால்களும்தான். டாக்டரின் கறுப்பு ஷூ, நர்ஸ்களின் வெள்ளைச் செருப்பு, பக்கத்துக் கட்டில் பெரியவரின் வீங்கிய பாதம். குரலை வைத்து ஒரு முகத்தை மனதுக்குள் வரைந்து பார்ப்பேன். வராது. இனி வரவே வராதோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது.

ஒருநாள் காலையில் ஃபினாயில் வாடையோடு மாப்பு என் கட்டிலுக்கு அடியில் வந்தது. கூடவே பித்தவெடிப்பு விழுந்த இரண்டு கால்கள், தேய்ந்த மெட்டி. மாப்பு நின்றது. அப்புறம் அந்தக் கால்கள் மடங்கி, ஒரு முகம் தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தது.

“என்னா தம்பி, தரையவே பாத்துக்கிட்டுக் கெடந்தா மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிராதா? இந்தா, என் மூஞ்சியப் பாரு.”

வார்டைக் கூட்டித் துடைக்கிற அக்கா அவர். நான் என்ன வேலை செய்கிறவன் என்று அவருக்கு அப்போது தெரியாது. அதன் பிறகு தினமும் வேலை முடிந்து போகும்முன் வந்து தரையில் உட்கார்ந்து, பேரன் கதையும் வீட்டு வாடகைக் கதையும் சொல்லிவிட்டுப் போவார். இடுப்பு வலிக்காரர். எழும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அந்த வலியோடுதான் தினமும் உட்கார்ந்தார்.

கட்டுப் போடாத கண்ணால் அவரைப் பார்ப்பேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படிதான் நாங்கள் ஆளை உட்கார வைப்போம்; ஒரு பக்கம் நிழல் இருந்தால்தான் மூக்கும் தாடையும் எழுந்து நிற்கும். அக்காவின் முகத்திலோ ட்யூப் லைட் நேராக விழுந்து நிழலையே அழித்திருந்தது. பாடப்படி மோசமான வெளிச்சம். ஆனாலும் அந்தக் கறுத்த நெற்றியில் ஒரு மெல்லிய நீலம் ஏறியிருந்தது. கன்னத்து மேட்டில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. பேரன் பேச்சு எடுத்தால் இடது புருவம் வலதுக்கு ஒரு நூல் முந்தி எழும். ஒரே முகம்தான். ஒவ்வொரு நாளும் வேறாக இருந்தது.

எங்கள் தொழிலில் பெரும்பாலும் ஆள் போன பிறகுதான் படத்துக்கு வருவார்கள். ரேஷன் கார்டிலிருந்தோ ஆதாரிலிருந்தோ ஒரு சின்னப் படம், அதிலும் கண் பாதி மூடியிருக்கும். “கண்ணத் திறந்து விடுங்க, சட்டைக்கு மேல ஒரு துண்டு போடுங்க, கொஞ்சம் கலரா காட்டுங்க.” கட்டம் போட்டுப் பெரிதாக்கி, இல்லாத கண்ணைத் தேடிக் கொண்டுவருவேன். அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றப் போகிறவர்களின் துக்கம் எனக்குத் தெரியும் என்பதால் மரியாதையோடு செய்கிற வேலை அது. ஆனால் நிறத்தை மாற்றச் சொன்னால் மட்டும் நான் இசைவதில்லை. உட்கார்ந்து பேசிப் புரியவைப்பேன்.

இந்தப் பிடிவாதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்தூண். மதுரையில் பள்ளிக்கூடம் விட்டதும் புது மண்டபத்துக்குள் போய்விடுவேன். அப்போது உள்ளே தையல் மெஷின்களும் புத்தகக் கடைகளுமாக ஒரே சத்தம். அதற்கு நடுவே தூணில் கைகூப்பி நிற்பார் திருமலை நாயக்கர். 17ஆம் நூற்றாண்டில் அந்த மண்டபத்தைக் கட்டியவரே அவர்தான். கூலி கொடுக்கிற ராஜா. ஆனாலும் சிற்பி தொந்தியைத் தொந்தியாகவே செதுக்கியிருக்கிறார். நோட்டில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவன் நான். உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் ஒருவருக்குச் செய்கிற மரியாதை என்று அந்த வயதில் மனதில் பதிந்தது, இன்றுவரை போகவில்லை.

குமிழி கரையத் தொடங்கியபோது, பார்வைக்குக் குறுக்கே ஒரு கோடு ரசமட்டம் போல ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது குமிழி போய்விட்டது. நேர்கோடு மட்டும் அந்தக் கண்ணுக்கு லேசாக வளைந்து தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923இல் கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதற்குப் பிறகும் அல்லிக்குளப் படங்களை விடாமல் வரைந்ததைப் போனில் திரும்பத் திரும்பச் சொல்லித் தைரியம் கொடுத்த நண்பனே, உனக்கும் நன்றி. வளைவு பழகிவிடும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அக்காவிடம் என் வேலையைச் சொல்லி, உங்களை வரையட்டுமா என்று கேட்டேன். “என்னையவா? செத்தவுகளத்தான வரைவீக? உசுரோட இருக்கையில எதுக்கு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அக்கா, உயிரோடு இருக்கும்போதுதான் உங்கள் புருவம் அப்படி எழும். அதை எந்த ரேஷன் கார்டும் எனக்குக் காட்டாது. உங்களை நல்ல நாற்காலியில், இடுப்புக்குத் தலையணை வைத்து உட்காரவைத்து, உங்கள் நிறத்திலேயே வரைவேன். படம் உங்களுக்கு. அதோடு ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன்: இனி மாதத்துக்கு ஒருவரை, உழைத்துப் பிழைக்கிற ஒருவரை, எதிரே உட்காரவைத்து வரைந்து, காசு வாங்காமல் அவரிடமே கொடுக்கப் போகிறேன். கண் உள்ளவரை இது நடக்கும்.

முன்பணம் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறவர்களுக்கு: ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அதை மறக்க மாட்டேன். காலையில் மட்டும் கொஞ்ச நேரம் வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வரிசைப்படி ஒவ்வொன்றாக முடித்து, நானே கொண்டுவந்து தருகிறேன்.